பத்துக் குழாயும் ஒரு துணுக்கு வெல்லமும்

ஒற்றை யானை ஒன்று மலையை விட்டு இறங்கி வந்து, பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து அண்ணனின் மோட்டார் ரூம் சுவரைச் சாய்த்துவிட்டுப் போனதே, அதற்கு அடுத்த வருசம் நடந்தது இது. வருசத்துக்கு நம்பர் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நான் பள்ளிக்கூடம் போனது மொத்தம் பதினோரு நாள். (பன்னண்டாம் நாள் எங்க எருமை காணாமப் போச்சு. தேடப் போனவன் பள்ளிக்கூடத்தைத் தொலைச்சுட்டேன்.) அதனால் யானை வந்த வருசம், கிணறு வற்றிய வருசம், மருமகள் வந்த வருசம் என்றுதான் என் காலண்டர் ஓடும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பதும் அந்த மருமகள் உமாதான். என் பேச்சுக்குத் தலைவாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுகிறாள். நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஒரு பிள்ளையின் ஏழு வருசப் படிப்பை நான் கடுகளவு வெல்லத்தால் கவிழ்க்கப் பார்த்தேன். மனதில் கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எண்ணம்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

யானை கதையை முடித்துவிடுகிறேன். அது மோட்டார் ரூமுக்குள் இருந்த தவிட்டு மூட்டைக்காகச் சுவரைத் தள்ளியது. தவிட்டைத் தின்றது, போய்விட்டது. நாச்சிமுத்து அண்ணன் மட்டும், யானை என் வாழைத்தோப்பு வாசனைக்குத்தான் இறங்கி வந்தது, வந்த வழியில் அவர் சுவர் விழுந்தது, ஆகவே தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டார். "வாழைக்கு வந்த யானை வாழையை ஏனுங்க தொடல?" என்று கேட்டேன். "தவிடு தின்னு வயிறு நெறஞ்சுபோச்சு" என்றார். அன்றைக்கு நிறுத்திய பேச்சு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பளவு வேலிதான். இரண்டு பேரும் தினமும் ஒரே நேரத்தில் மாடு கட்ட வருவோம். அவர் மாட்டைப் பார்ப்பார், நான் மாட்டைப் பார்ப்பேன். அண்ணன் கதையில் பின்னால் வருவார். அதுவரை வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்.

எங்கள் தோட்டம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற ரோட்டில் இருக்கிறது. அப்போது எங்களிடம் ஒரு சினை மாடு இருந்தது. செவலை நிறத்தில் கலப்பின மாடு. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியதால் அதற்குப் பொள்ளாச்சி என்றே பெயர். எங்கள் வீட்டில் மனிதரோடு தமிழ் பேசுவோம், மாட்டோடு தெலுங்கு பேசுவோம். தெலுங்கில் திட்டினால் அதற்கு வருத்தம் வருவதில்லை என்பது என் அனுபவம்.

ஒரு நாள் காலையில் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இருபத்தொன்பது, முப்பது வயசு இருக்கும். பின் சீட்டில் நீல நிற ஐஸ் பெட்டி ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். ஐஸ் விற்க வந்த பிள்ளை என்று நினைத்து, "வேண்டாம் கண்ணு, எனக்குப் பல் கூசும்" என்றேன்.

"இல்லீங்க தாத்தா. மாட்டு டாக்டரு அனுப்புனாருங்க. பேரு அபிராமி. காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணறேன். உங்க மாடு சினையா இருக்குதுன்னு சொன்னாரு."

"எந்த ஊரு கண்ணு?"

"பொள்ளாச்சிங்க."

கட்டுத்தறியில் நின்ற மாடு தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. விசயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப எங்க ஊர்க்காரிதானுங்க" என்று அதன் நெற்றியைத் தடவினாள். அந்த இடத்திலேயே என் மனைவி சரோஜாவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

"மாட்டு மடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத செல்லு கோடி கோடியா இருக்குதுங்க தாத்தா. அது சக்கரையை ஒண்ணோட ஒண்ணு கோத்து, பூ கட்டற மாதிரி, குட்டிக் குட்டிச் சங்கிலியாச் செஞ்சு பால்ல விடுது. கன்னு போட்ட மொத நாள் அந்தச் சங்கிலி நிறைய வரும். பொறந்த கன்னு வயித்துல கெட்ட கிருமி ஒட்டாமப் பாத்துக்கறது அதுதான். அஞ்சாம் நாளுக்குள்ள செல்லு கையைக் குறைச்சுக்கும். ஆரு அதுக்குச் 'செய்யி'ன்னு சொல்றாங்க, ஆரு 'போதும்'னு சொல்றாங்கன்னு பாக்கறதுதான் என்ற படிப்பு."

"கன்னுதான் சொல்லும்" என்றேன்.

"இருக்கலாமுங்க. அதை நாங்க காட்டோணுமுங்களே."

இதற்குச் சீம்பால் வேண்டும். கன்று போட்ட நேரம் முதல் ஐந்து நாள், காலை ஒன்று பொழுதோட ஒன்று என்று பத்துக் கறவைக்குப் பத்துக் குழாய். ஆறு மாடு வேண்டும், ஐந்து முடிந்துவிட்டது, இது ஆறாவது என்றாள். சரோஜா எத்தனை வருசமாகப் படிக்கிறாய் என்று கேட்டாள்.

"ஆறு முடிஞ்சு ஏழு ஓடுதுங்க. இதுக்கு மேல டைம் குடுக்க மாட்டாங்க. அப்பா தேங்கா உரிக்கற வேலைங்க. ஊர்ல போறவங்க வாரவங்க எல்லாம், 'உம் புள்ளை இன்னுமா படிக்கறா'ன்னு அவரைத்தான் கேக்கறாங்க. இந்த மாடு கிடைச்சுட்டா எழுதி முடிச்சுருவேன்."

குழாய்களை என் கையில் கொடுத்தாள். சுண்டுவிரல் நீளம், நீல மூடி, மேலே ஒன்று முதல் பத்து வரை நம்பர். (நம்பர் எனக்குத் தெரியுமுங்க. பஸ் நம்பர் படிச்சுப் பழக்கம்.) காம்பைப் பஞ்சால் துடைக்க வேண்டும், முதல் நாலு பீச்சைக் கீழே விட வேண்டும், மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, உடனே ஐஸில் வைக்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். கடைசியாகச் சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணு தாத்தா. எதையும் கலந்துறக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்கண்ணு, இந்தக் கையி அம்பது வருசமாப் பால் கறக்குது. தண்ணின்னா என்னன்னு இந்த ஊட்டுப் பாலுக்குத் தெரியாது" என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். நானும் பெரிய மனதோடு மன்னித்தேன். அதை இப்போது நினைத்தால்தான் முதுகு கூசுகிறது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சீம்பாலை வெறும் பாலாக வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டோம். கண் பட்டால் மடி கெட்டுப்போகும். யாருக்குக் கொடுத்தாலும் ஒரு துணுக்கு வெல்லம் போட்டுத்தான் கொடுப்போம். வெல்லம் போட்டுவிட்டால் அது பால் இல்லை, பலகாரம். பலகாரத்தின் மேல் கண் பட்டால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. நான் இதை ஒரே ஒரு தடவைதான் மீறினேன். கிணறு வற்றிய வருசம், காரி என்று ஒரு மாடு வைத்திருந்தோம். அதன் சீம்பாலை, வீட்டுக்கு விருந்து வந்த ஒரு ஓரம்பரைக்கு அவசரத்தில் வெறும் பாலாகக் கொடுத்தனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மடி கல்லாகிவிட்டது. அன்றைக்கு வந்த மாட்டு டாக்டர், தரை ஈரமாக இருந்ததால் வந்த நோய் என்றார். அதே ஈரத்தில்தான் மற்ற மாடும் நின்றது, அதற்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து நான் மீறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் பொள்ளாச்சி கன்று போட்டது. கிடாரிக் கன்று. நான் கையைக் கழுவி, பஞ்சால் துடைத்து, நாலு பீச்சைக் கீழே விட்டு, ஒன்றாம் நம்பர் குழாயில் கோடு வரைக்கும் பிடித்தேன். மஞ்சளாக, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்தது. பிறகு, "ஏ புள்ள, வெல்லம் கொண்டா" என்றேன்.

சரோஜா வந்தாள். அவளுக்கு என்னைவிட ஞாபகம் அதிகம்.

"ஏனுங்க, அந்தப் புள்ளை ஒண்ணும் கலக்கக் கூடாதுன்னு சொல்லீட்டுப் போனாளே."

"கலக்கறதா? தண்ணி ஊத்தறது கலக்கறது. அது களவு. இது காப்பு. இதுல போயி அது சேருமா?"

"அதுக்கில்லீங்க. கேட்டுப்போட்டுப் போடலாமில்லீங்க."

"உப்புப் போட்டு ரசம் வெக்கறதுக்கு ஓரம்பரையைக் கேப்பியா?"

அவள் யோசித்தாள். அது சரி என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். (இல்லைன்னு இப்ப சொல்றா. உமா, இல்லைன்னு சொல்றான்னும் எழுதிக்கோ.) அச்சுவெல்லத்தை அரிவாள்மனையில் தட்டி, கடுகு கடுகாகப் பத்துத் துணுக்கு எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். குழாய்க்கு ஒன்று. ஐந்து நாளும் ஒரு கறவை கூட விடவில்லை. மூடியின் உள்பக்கம் விரல் படவில்லை. துணுக்கைக் கூட பஞ்சால் எடுத்துத்தான் போட்டேன். அவ்வளவு சுத்தம்.

அபிராமி தினமும் வந்து குழாயை வாங்கிக்கொண்டு போனாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இப்படி ஒரு கை எந்தப் பண்ணையிலயும் இல்லீங்க தாத்தா" என்றாள். கடைசி நாள் சரோஜா சீம்பாலை வேகவைத்து வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கட்டியாகக் கொடுத்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

இரண்டு மாசம் கழித்து போன் வந்தது.

"தாத்தா, ஒரு சந்தேகமுங்க. கன்னு போட்டதுக்கப்பறம் பொள்ளாச்சிக்கு வெல்லம் ஏதாவது குடுத்தீங்களா?"

"குடுத்தேன் கண்ணு. கன்னு போட்ட மாட்டுக்குக் கம்பங்களியில வெல்லம் போட்டுத்தான் வெப்பமுங்க."

"எவ்வளவுங்க?"

"தினம் அரைக் கிலோ. அஞ்சு நாளு."

அவள் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. மாட்டுக்கு என்ன போட்டேன் என்று கேட்டாள், சொன்னேன். குழாய்க்கு என்ன போட்டேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

"மத்த அஞ்சு மாட்டுலயும் இல்லாத ஒண்ணு இந்தப் பால்ல தெரியுதுங்க. மறுபடி மறுபடி போட்டுப் பாத்தோம், பத்துக் குழாயிலயும் வருது. ஒரு குழாயில வந்தா எங்கியோ தப்புங்கலாம். பத்துலயும் வருதுங்களே. எனக்குப் படிப்புச் சொல்லித்தர்ற மேடமும் எதுவும் சொல்ல முடியாம இருக்காங்க."

அன்று பொழுதோட பால் சொசைட்டிக்குப் போய், என் மாட்டுக்குள் புதுசாக ஒன்று இருப்பதாகவும், படித்தவர்களே திகைத்துப்போய் இருப்பதாகவும் எல்லோரிடமும் சொன்னேன். நாச்சிமுத்து அண்ணன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது சிவந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த மாசம் அபிராமி நேரில் வந்து கூப்பிட்டாள். படிப்பை முடிக்கிறதுக்கு முன்னால் பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் பேசிக் காட்ட வேண்டுமாம். அதற்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறாராம். மாடு கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், கட்டாயம் வாருங்கள் என்றாள். நானும் சரோஜாவும் உமாவும் பஸ்ஸில் போனோம். பொள்ளாச்சியை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை. துடியலூர் தாண்டும்போது சரோஜா, "நீங்க அங்க வாயைத் தொறக்காதீங்க" என்றாள். அவள் எப்போதும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டேன்.

பெரிய ஹால். ஏசி குளிர். எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அபிராமி பட்டுப் புடவை கட்டியிருந்தாள். பேசியது எல்லாம் இங்கிலீஷ். உமா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். திரையில் மலை மலையாகக் கோடு வந்தது. ஐந்து மாட்டுக்கு ஐந்து படம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பள்ளம். ஆறாவது படத்தில், மற்ற ஐந்திலும் சமதரையாக இருந்த இடத்தில், மருதமலை மாதிரி ஒன்று தனியாக நின்றது. அது பொள்ளாச்சி.

கண்ணாடி போட்ட வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் குனிந்து என்னவோ கேட்டார். அபிராமிக்குப் படிப்புச் சொல்லித்தரும் மேடம் பதில் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். அபிராமி விரலைப் பிசைந்துகொண்டு பேசினாள். அவர் தலையை ஆட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்றேன் உமாவிடம்.

"நம்ம மாட்டுப் பால்ல கரும்புச் சக்கரை இருக்குதாமாங்க மாமா. மாடு தின்ன வெல்லம் பாலுக்கு வராதாமா, வயித்துலயே கரைஞ்சு போயிருமாமா. அப்பறம் எப்படி வந்துச்சுன்னு கேக்கறாரு. தெரியலைங்கறாங்க."

எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை படித்தவர்கள், இத்தனை பெரிய மிசின், இந்தச் சின்ன விசயம் தெரியாமல் அந்தப் பிள்ளை அங்கே நின்று விரலைப் பிசைகிறதே. நான் எழுந்தேன். சரோஜா வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு சொன்னேன்:

"அது நான் போட்டதுங்க."

ஹாலில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

வெளியூர்க்காரருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "என்ன போட்டீங்க ஐயா?"

"வெல்லமுங்க. கடுகத்தனைதான். பத்துக் குழாயிலயும் போட்டிருக்கறனுங்க."

"எதுக்குப் போட்டீங்க?"

"வெறும் சீம்பால் ஊட்டை விட்டு வெளிய போகக் கூடாதுங்களே."

யாரும் ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னது அவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும், ஆச்சரியத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். ஆகவே இன்னும் கொஞ்சம் உதவினேன்.

"மிசின் நல்ல மிசினுங்க. கடுகத்தனை போட்டதைக் கண்டுபுடிச்சுப்போட்டுதே."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நல்லபடியாகப் போகிறது என்று எண்ணி, பங்கு சேர வேண்டியவர்களுக்குச் சேரட்டும் என்று, "உடைச்சுக் குடுத்தது இவதானுங்க" என்று சரோஜாவையும் காட்டினேன். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அபிராமியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பி நின்று திரையில் இருந்த அந்த மருதமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்துலயுமா தாத்தா?"

"பத்துலயுமுங்க கண்ணு."

"ஒண்ணே ஒண்ணையாவது மறந்திருக்கலாமில்லீங்க?"

"எனக்கு ஞாபகமறதி இல்லை கண்ணு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது மாடு இல்லாமல் எழுதக் கூடாது என்று வெளியூர்க்காரர் சொல்லிவிட்டாராம். மூன்று மாசம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சினை மாடு கிடைக்க வேண்டும், கன்று போட வேண்டும், பால் வர வேண்டும். இல்லாவிட்டால் ஏழு வருசமும் போச்சு. "அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள். பொள்ளாச்சி அடுத்த கன்று போட ஒரு வருசத்துக்கு மேல் ஆகும். மாட்டை அவசரப்படுத்த முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், துடியலூரில் சரோஜா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "உடைச்சுக் குடுத்தது நானுன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் தேங்காய் உரிக்கிற கடப்பாரை முன்னால் அவர் நிற்பதும், போகிறவர் வருகிறவர் கேட்பதும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள் மாடு கட்டப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து அண்ணன் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவர் மாட்டைப் பார்த்தேன். அது நிறைசினை. இன்னும் மிஞ்சிப்போனால் ஒன்றரை மாசம்.

வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். மோட்டார் ரூமுக்குப் புதுச் சுவர் வைத்து வெள்ளையடித்திருந்தார்.

"யானைக்கு அப்பறம் இன்னிக்குத்தான் ஒரு ஆளு வந்திருக்குது" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணா, ஒரு உதவி வேணுமுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொசைட்டியில் பீற்றிக்கொண்டது உட்பட. அவர் கடைசி வரைக்கும் கேட்டார். அவர் வீட்டிலும் இதே வெல்ல வழக்கம்தான்.

"அதாவது, உம் மாட்டுப் பாலுக்கு வெல்லம் போட்டுக் குடுத்துப்போட்டே. எம் மாட்டுப் பாலை வெறும் பாலாக் குடுக்கச் சொல்றே."

"ஆமாங்கண்ணா."

"எம் மாட்டு மடி கல்லாப் போனாப் பரவாயில்லை."

"அப்படியில்லீங்க."

"மொதல்ல ஒண்ணு சொல்லு. யானை எதுக்கு வந்துது?"

நான் மலையைப் பார்த்தேன். பிறகு, "என்ற வாழைக்குத்தானுங்க வந்துது" என்றேன். அபிராமிக்காகச் சொன்னேன். இன்றைக்கும் நான் அதை நம்பவில்லை. (உமா, இதைப் பெருசா எழுது.)

அண்ணன் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். யானை விசயம் தீர்ந்தது. வெல்ல விசயம் தீரவில்லை. அபிராமியை வரச் சொன்னேன். அவளும் வந்து கெஞ்சினாள். "புள்ளே, உம் படிப்பு உனக்கு. எம் மாடு எனக்கு. வெல்லமில்லாம ஒரு சொட்டு இந்தக் கட்டுத்தறியைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அபிராமி ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்:

"அய்யா, அந்த வெல்லம் பால்ல கரையோணுங்களா? இல்லை, பால் கூடப் போனாப் போதுங்களா?"

நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்று ஐம்பது வயசு. இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. அண்ணன் தாடையைச் சொறிந்தார். மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கரையோணும்னு எங்கியும் கேள்விப்படலை" என்றார் மெதுவாக.

"நானும் கேள்விப்படலீங்க."

"கூடப் போனாப் போதும்."

ஒன்றரை மாசம் என்றது, நாற்பதாவது நாளிலேயே அண்ணன் மாடு கன்று போட்டது. பத்துக் கறவையும் அண்ணனே கறந்தார். என்னைக் குழாய்ப் பக்கமே விடவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் குழாய் ஐஸ் பெட்டிக்குள் போனதும், முழுசாக ஒரு அச்சுவெல்லத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டியின் கைப்பிடியில் வெளிப்பக்கமாகக் கட்டிவிட்டார். அபிராமி ஸ்கூட்டரில் போகும்போது அது ஆடிக்கொண்டே போகும். அண்ணன் மாட்டின் மடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயிலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த மருதமலை இருந்த இடம் சமதரையாக இருந்ததாக அபிராமி போனில் சொன்னபோது, போனை வைக்காமலே வேலிக்கு ஓடி அண்ணனைக் கூப்பிட்டேன்.

இப்போது அவள் டாக்டர் அபிராமி. முடித்ததும் அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானுங்களா அந்த வெல்லக்காரரு?" என்றார். ஊரில் இப்போது யாரும் அவரை எதுவும் கேட்பதில்லையாம். அவரே நிறுத்தி வைத்துச் சொல்கிறாராம். அவள் எழுதிய புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். உமா படித்துச் சொன்னாள். நன்றி சொல்கிற பக்கத்தில் என் பெயரும் அண்ணன் பெயரும் இருந்தது. உள்ளே ஒரு இடத்தில், ஒரு மாட்டின் பால் கணக்கில் சேர்க்கப்படவில்லை, வீட்டு வழக்கப்படி அதில் வெல்லம் போடப்பட்டிருந்தது என்று இருந்தது. "எம் மாடு பாஸ், உம் மாடு பெயிலு" என்று நாச்சிமுத்து அண்ணன் இன்றும் வேலிக்கு மேல் கூப்பிட்டுச் சொல்வார். பேச்சு திரும்ப வந்ததில் கிடைத்த பலன் இது.

"அப்பறம் கண்ணு, அந்தச் செல்லுக்குப் போதும்னு ஆரு சொல்றாங்க?" என்று அவளிடம் கேட்டேன்.

"பாதிதானுங்க தெரிஞ்சிருக்குது தாத்தா."

"கன்னுதான்" என்றேன்.

"அந்தப் பாதியைத்தானுங்க இன்னும் பாக்கோணும்" என்றாள்.

வீட்டில் இந்தக் கதை ஓயவில்லை. போன மாசம் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, இனிப்பு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மிசின் நல்ல மிசினுங்க." எங்கள் வீட்டில் யார் எதில் மாட்டிக்கொண்டாலும் இப்போது இந்த வார்த்தைதான்.

அபிராமி இருந்த ஆராய்ச்சி ரூமில் இன்றைக்கும் சீம்பால் எடுக்கப் போகிற பெட்டியின் கைப்பிடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்குகிறதாம். புதுசாகச் சேர்கிற பிள்ளைகள் எதற்கு என்று கேட்காமலே கட்டிக்கொண்டு போகிறார்களாம். எறும்பு மட்டும் கொஞ்சம் தொந்தரவாம்.

உங்கள் பக்கத்திலும் எப்போதாவது ஒரு பிள்ளை ஐஸ் பெட்டியோடு சீம்பால் கேட்டு வரலாம். உங்களிடம் மாடு இல்லாவிட்டாலும் மாடு வைத்திருக்கிறவர் யாரையாவது தெரிந்திருக்கும். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பாலை இல்லை என்று சொல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள். வெல்லத்தையும் விட வேண்டாம். பெட்டிக்கு வெளியே கட்டச் சொல்லுங்கள்.